அப்பா அடித்தது உண்மை சொன்னவரை

அப்பா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. உங்கள் கையில் இருக்கும் இந்த நினைவு மலரில் அப்பாவின் அன்பையும் உழைப்பையும் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். மகளாகிய நான் அப்பாவின் கையைப் பற்றி எழுதப்போகிறேன். அந்தக் கை கடைசியாக அடித்தது என் தாய்மாமாவை. மாமாவுக்கு முன்பல் இரண்டு போயிற்று, பொய்க்காரர் என்ற பெயரும் வந்து சேர்ந்தது. பல்லுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. பெயரையாவது இன்று சரிசெய்தாக வேண்டும்.

ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே, கரிசல் காட்டு ஊர் ஒன்றில், ஆடு மேய்க்கும் வீட்டில் மூன்றாவது பிள்ளையாக அப்பா பிறந்தார்கள். மழை பெய்தால் கம்பும் உளுந்தும், பெய்யாவிட்டால் ஆடு மட்டும் என்ற குடும்பம். மீசை முளைக்காத வயதிலேயே, ஆடு திருட வந்த ஒருவனைத் தொரட்டிக் கம்பால் அடித்துக் கையை முறித்துவிட்டார்கள். அவன் ஆட்கள் தேடி வருவதற்குள் வீட்டார் அப்பாவைக் கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அப்படித்தான் அப்பா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்கு வந்தார்கள்.

குச்சிக்கு மருந்து முக்கும் வேலை. ஒரு கோடையில் மருந்து முக்கிய குச்சிகள் காய்ந்துகொண்டிருந்த அறையில் தீப்பிடித்தது. பின்கதவு பூட்டியிருந்தது. அப்பா அதை உதைத்தே உடைத்தார்கள். உள்ளே புகைக்குள் நின்ற பெண்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து ஒவ்வொருவராக வெளியே எறிந்தார்கள். காப்பாற்றினேன் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, "தூக்கி எறிஞ்சேன்" என்றுதான் சொல்வார்கள். ஒரு அக்காவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது, உயிர் தங்கியது. அப்பாவுக்கு இடது கை வெந்து மூன்று விரல்கள் ஒட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டி வைத்த மேற்பார்வையாளரைத் தேடிப்பிடித்து, வேகாத வலது கையால் மூக்கில் ரத்தம் வரும்வரை அறைந்துவிட்டுத்தான் போனார்கள். வேலை போயிற்று. அப்படி அறைந்ததற்காகவே இன்னொரு முதலாளி கூப்பிட்டுப் போர்மேன் வேலை கொடுத்தார். அப்பா இருந்தவரை அந்த ஆபீஸில் வேலை நேரத்தில் ஒரு கதவும் பூட்டப்பட்டதில்லை.

வீட்டிலும் அதே கைதான். அம்மாவை ஒரே ஒரு தடவை அடித்தார்கள். அம்மா மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை, அதோடு அது நின்றது. நானும் தம்பியும் வாங்கியதற்கு அளவே கிடையாது. பெல்ட்டும் உண்டு, விறகும் உண்டு. அடித்த சூட்டோடு கடைக்குப் போய்ச் சேவு வாங்கி வந்து ஊட்டியும் விடுவார்கள். இதையெல்லாம் பாசம் என்று ஒரே வார்த்தையில் மூடிவிட எனக்கு மனமில்லை. வலித்தது. ஆனாலும் அப்பா என்றால் எனக்கு உயிர்.

நான் விமானப் படைக்குத் தேர்வானபோது அப்பா பஜாரில் ஒரு கடை விடவில்லை. "எம் மவ சண்ட விமானம் ஓட்டப் போறா" என்று டீக்கடையில் தொடங்கிச் சலூன்வரை சொல்லி முடித்தார்கள். நம்பாமல் சிரித்த ஒருவரின் சட்டைக் காலரையும் பிடித்திருக்கிறார்கள். வடக்கே பயிற்சித் தளத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் காலர்தான் என் ஞாபகத்துக்கு வரும்.

போர் விமானப் பயிற்சி என்பது வயிற்றில் உதை வாங்குவது போலத்தான். விமானம் சட்டென்று திரும்பும்போது சொந்த உடம்பே பல மடங்கு கனத்து நம்மை இருக்கையில் போட்டு நசுக்கும். கண் இருட்டும், மூச்சு முட்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டேன். பிறகு ஒருநாள், விமானத்தைத் தலைகுப்புறச் சுழலவிட்டு மீட்க வேண்டிய தேர்வில் என் கை மரத்துவிட்டது. பின்னால் இருந்த பயிற்சியாளர்தான் மீட்டு இறக்கினார். அடுத்த வாய்ப்பிலும் அதே கதை. என்னைச் சரக்கு விமானப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அதை வீட்டில் சொல்லாதது என் தப்பு. நான் சண்டை விமானம்தான் ஓட்டுகிறேன் என்று அப்பா நம்பினார்கள். நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பயிற்சியை ஒரு குழு மாதக்கணக்கில் ஆவணப்படமாக எடுத்திருந்தது. படம் வெளிவந்த சமயத்தில் நம் குலதெய்வக் கோயில் கொடை விழா வந்தது. பட்டாசுக் கடை வைத்திருக்கும் சித்தப்பா கோயில் திடலில் வெள்ளைத் திரை கட்டி, புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து, இரண்டு சரவெடியும் கொண்டுவந்தார். என் முகம் தெரிந்ததும் சின்னச் சரம், நான் விமானத்தை விட்டு இறங்கும்போது பெரிய சரம் என்று ஏற்பாடு. நான் படத்தைப் பார்த்திருக்கவில்லை. தோற்ற கதையை வெட்டியிருப்பார்கள் என்று நம்பினேன். இந்திப் படம், வெட்டாமல் விட்டிருந்தாலும் யாருக்குப் புரியப்போகிறது என்றும் நினைத்தேன். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த மாமாவை மறந்தே போனேன்.

பொழுது சாய்ந்ததும் படம் போட்டார்கள். அன்று திடல் பட்ட பாட்டை நீங்களே மறந்திருக்க மாட்டீர்கள். ஆளை உட்காரவைத்துச் சுற்றும் இயந்திரத்தில் ஒரு பையனின் கன்னம் காதுவரை இழுபட்டபோது பெண்கள் கண்ணைப் பொத்தினார்கள். பெத்தவ பார்த்தா தாங்குவாளா என்று பெரியத்தை அழுதே விட்டார். விமானம் சுழன்று விழுந்தபோது சின்னப் பிள்ளைகள் வீறிட்டன, இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். பயிற்சியாளர் முகத்துக்கு நேரே கத்தியபோது, பக்கத்தில் இருந்தால் செவிட்டில் ஒன்று விட்டிருப்பேன் என்று முன்வரிசையில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அடி வாங்காமல் எவனும் ஆளாக மாட்டான் என்று பக்கத்தில் இருந்தவர் தொடையில் ஓங்கித் தட்டினார்கள்.

இந்தி புரியவில்லை என்று கூட்டம் கேட்கவே மாமா மைக்கை வாங்கித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். என்ன சந்தோஷம் அந்த முகத்தில். மருமகள் படமாயிற்றே. வரிக்கு வரி, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னார். திரையில் நான் விமானத்தை விட்டு இறங்கினேன். தரையில் மண்டியிட்டு வாந்தி எடுத்தேன். பயிற்சியாளர் குனிந்து ஏதோ சொன்னார். மாமா வந்த வேகத்தில் அதையும் சொல்லிவிட்டார்: "இந்தப் பிள்ளைக்கு சண்ட விமானம் சரிப்படாது, சரக்கு விமானத்துக்கு அனுப்புதோம்னு சொல்லுதாரு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மைக்கைப் பிடித்தபடி நின்றார். திரையை மட்டும் பார்த்துக்கொண்டு தூரத்தில் ஊதுபத்தியோடு நின்ற சித்தப்பா, நான் இறங்கிவிட்டேன் என்று பெரிய சரத்தைப் பற்றவைத்தார். என் தோல்விக்குத் திடலே அதிர வெடி போட்டோம்.

வெடி ஓயும்வரை அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகைக்குள் எழுந்து என் பக்கத்தில் வந்து கேட்டார்கள்.

"ஏட்டி, மாமா சொல்லுதது நெசமா?"

"இல்லப்பா. மாமா தப்பாச் சொல்லுதாவ."

அவ்வளவுதான். அப்பா மூன்று எட்டில் போய் மாமாவின் வாயில் குத்தினார்கள். மைக்கில் அந்தச் சத்தம் கேட்டது. மாமா விழுந்த பிறகும் மேலே ஏறி உட்கார்ந்து அடித்தார்கள். மாமாவின் பிள்ளைகள் நாற்காலியோடு வந்தார்கள், சித்தப்பாவின் மகன்கள் கம்போடு வந்தார்கள். புரொஜெக்டர் நொறுங்கியது. அப்பாவுக்கு மண்டை உடைந்து ஏழு தையல். மாமா கீழே கிடந்தபடி, பல் இல்லாத ரத்த வாயோடு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றே சொந்தம் இரண்டாயிற்று. கல்யாணம், காதுகுத்து எதற்கும் மாமா வீட்டுக்குப் பத்திரிகை போகவில்லை. நம் சொந்தத்துப் பிள்ளைகளில் சிலர் போனில் அந்தப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டும், அப்பாவுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

தீப்பெட்டி மருந்து அப்பாவின் நுரையீரலைத் தின்றுவிட்டது. பாளையங்கோட்டை மருத்துவமனையில் கடைசி வாரம் மூச்சு வாங்கியபடி கிடந்தார்கள். யாரும் சொல்லியனுப்பாமலே மாமா வந்தார். அப்பா மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்கள்.

"மாப்ளே, எம் பிள்ளையப் பத்தி எதுக்குடா பொய் சொன்ன?"

கட்டிலின் அந்தப் பக்கம் நான் நின்றேன். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாய் வரவில்லை. மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவின் ஒட்டிய விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா அத்தான். தெரியாமச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

அப்பா மன்னித்தார்கள். இரண்டு நாளில் நிம்மதியாகப் போனார்கள்.

ஆனால் சித்தப்பாவின் மகன்கள் அறை வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டார்கள். பொய் சொன்னதை அவரே ஒத்துக்கொண்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. சாவன்று அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு மாமா வந்தபோது தெருவிலேயே மறித்தார்கள். நெஞ்சில் மிதித்தார்கள். சட்டை கிழிந்தது, சேலை தெருவில் விழுந்தது. அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா எழுந்து போய் அந்தச் சேலையை மண்ணோடு வாங்கிக்கொண்டார்கள். மாமா கிழிந்த சட்டையோடு திரும்பிப் போனார்.

சென்ற மாதம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அறைந்தார்கள். "போயி எந் தம்பி கால்ல விழு" என்றார்கள். இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு மாமா இருக்கும் மணியாச்சிக்குப் போனேன். மாமா கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். "இத அச்சுல போடாத தாயி. அத்தான் மனசு குளுந்துதான் போனாவ, இனி எதுக்கு அவியளத் தோக்கடிக்கணும்?" என்றார். இருந்தாலும் அச்சில் போட்டிருக்கிறேன்.

அப்பாவை இரவும் பகலும் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்து பாடை தூக்கிய தீப்பெட்டி ஆபீஸ் தோழர்களுக்கும், தோள் இறங்கிய அந்த அக்காவுக்கும், வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் கிடையாது. இன்று அவர் வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் வாசலுக்கு வரும்போது, அன்று மிதித்தவர்கள் எழுந்து நில்லுங்கள். இதைப் படித்த பிறகும் யாருக்காவது கை துடித்தால், அடிபட வேண்டியவள் நான். பந்தலில்தான் இருப்பேன்.