படை கட்டாத இராச்சியம்

இன்று மருதனார்மடத்தில் உள்ள கம்பியூட்டர் கடைக்குப் போனேன். என் கணவர் இறந்து இரண்டு மாதமாகிறது. அவருடைய கம்பியூட்டரில் உள்ளதையெல்லாம் அழித்து, மகளின் படிப்புக்கு ஏற்றமாதிரித் திருத்தித் தரச் சொன்னேன்.

கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, அண்ணை இராச்சியம் கட்டுற கேம் விளையாடியிருக்கிறார். கடைசி ஆட்டம் பாதியிலை நிக்குது. ஆனா படையே கட்டேல்லை. முழுக்க வீடும் தோட்டமும்தான்."

"தோட்டஞ்செய்யிற மனிசன் வேறை என்னத்தைக் கட்டும்?" என்றேன்.

திரையில் சின்னச் சின்ன ஆட்கள் மண்வெட்டியோடு அசையாமல் நின்றார்கள்.

"ஏன் தம்பி உவையள் சும்மா நிக்கினம்?"

"நிப்பாட்டி வைச்சிருக்கு அக்கா."

"வேலையைச் செய்யட்டும். விடுங்கோ."

விட்டார். கொத்தத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிரியின் குதிரைப்படை வந்து வீடுகளைக் கொளுத்தி, ஆட்களை வெட்டியது. அந்த ஆட்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க முடியவில்லை. நாங்களும் சண்டைக் காலத்தில் அப்படி ஓடியவர்கள்தான்.

"ஐயோ, அவர் கட்டினதை நான் கெடுத்துப்போட்டன்" என்று அழுதுவிட்டேன்.

"அழாதேங்கோ அக்கா. அண்ணை சேமிச்சு வைச்ச இடத்திலையிருந்து திருப்பி எடுக்கலாம்."

எதையோ அமத்தினார். எரிந்த வீடுகள் திரும்ப வந்தன. செத்த ஆட்களும் எழும்பி நின்றார்கள்.

ஒன்றையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லி, கம்பியூட்டரை ஓட்டோவில் ஏற்றி வந்துவிட்டேன். மகளுக்கு இனி வேறு வழி பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டுத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படை கட்டாமல் தோட்டம் மட்டும் செய்துகொண்டிருக்க அதிலாவது விடுவார்களா?