வாசற்படியில் ஒரு தரம்பார்த்தல்

ஆரத்தியின் செம்மை தெய்வச் செயலன்று. மஞ்சள் ஒரு நிறங்காட்டி. அமிலத்தில் மஞ்சளாகவே கிடக்கும், சுண்ணாம்பின் காரம் பட்டால் சிவக்கும். முதுகலை வேதியியல் வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லியே நான் ஓய்வு பெற்றேன். மாணவர் எழுதிக்கொண்டனர், எவரும் வியந்ததில்லை. வியப்பதற்கென்றே ஒரு கூட்டம் உடன்குடியில் இருப்பதை என் மகளின் திருமணத்தன்று கண்டேன்.

தூத்துக்குடியில் தாலிகட்டு முடிந்து, உடன்குடியில் கருப்பட்டி வணிகம் செய்யும் சம்பந்தி வீட்டு வாசலில் நண்பகல் வெயிலில் மணமக்கள் வந்து நின்றனர். ஆரத்தித் தட்டு நல்ல சிவப்பாக ஆயத்தமாயிருந்தது. அப்படியே சுற்றியிருக்கலாம். மாப்பிள்ளையின் அத்தைக்கோ கண்ணேறு குறித்து அளவிறந்த அச்சம். மஞ்சளும் சுண்ணாம்பும் போதா என்றெண்ணி, கையிலிருந்த எலுமிச்சம்பழத்தையும் அறுத்துத் தட்டிலேயே பிழிந்துவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கச் சிவப்பு மறைந்து மஞ்சளாயிற்று.

"ஏளா, என்ன காரியம் செஞ்ச! பொண்ணு வாசல்ல நிக்கையிலே ஆரத்தி வெளுத்துட்டே!" என்று சம்பந்தியம்மாள் அலறினார்.

"நான் என்னத்தச் செஞ்சேன்? கண்ணு படப்படாதுன்னு பழம் புழிஞ்சேன். நம்ம வீட்டுல இதுக்கு மின்ன வெளுத்துருக்கா? வந்த காலு அப்படி" என்றார் அத்தை.

இனி அவ்வீட்டில் பால் திரிந்தாலும் கருப்பட்டி இளகினாலும் என் மகளின் காலே பொறுப்பேற்க வேண்டும், ஆயுள் முழுவதும்.

"அம்மையீர், இது வெறும் நடுநிலையாக்கல் வினை" என்றேன். ஒருவர் கூடத் திரும்பவில்லை. புதிதாகக் கரைக்கலாமே என்றேன்.

"கரைச்ச ஆரத்தியச் சுத்தாமக் கொட்டப்படாது அண்ணாச்சி" என்றார் சம்பந்தியம்மாள்.

அப்படியானால் அதே தட்டைச் சிவக்க வைப்பதொன்றே வழி. பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் பூசும் சுண்ணாம்புக்கு அவ்வீட்டில் பஞ்சமில்லை. ஒரு டப்பா வந்தது. வெற்றிலைக் காம்பால் சிறிது எடுத்து இட்டேன். விழுந்த இடம் சிவந்தது. "வந்துட்டு!" என்றது கூட்டம். கலக்கினேன், மறைந்தது. "போயிட்டு!" என்றது. மீண்டும் இட்டேன். வந்துட்டு. போயிட்டு. யாரோ நீட்டிப் பிடித்திருந்த கைபேசியின் காணொளி அழைப்பில் துபாயிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் குரல் கேட்டது: "ஏலே, அங்கன என்னடே நடக்கு? படம் நின்னுட்டா?"

எனக்கோ மெல்ல ஓர் இன்பம் ஏறத் தொடங்கியிருந்தது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் முக்காரத்துவ அமிலம்; மும்மடங்கு காரம் கேட்கும். ஒரே மூச்சில் பணிந்துவிடாது. பாதி நடுநிலையானதும் தன் உப்போடு கூட்டுச் சேர்ந்து தாங்கல் கரைசலாகி, வருகிற காரத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, சம்பந்தி வீட்டாரைப் போல, இருந்த நிலையிலேயே இருக்கும். இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத் தரம்பார்க்கையில் அவசரப்பட்டால், நிறம் நிலைக்கும் அந்த முடிவுப்புள்ளி தவறிவிடும். இதனை உரக்கவே விளக்கினேன். வாசலில் குடை பிடித்திருந்தவர் கொட்டாவி விட்டார்.

"அப்பா, பிராக்டிகல் பரிச்சையா நடத்துதிய? எல்லாரும் வெயில்ல வேவுதாவ" என்றாள் மணப்பெண். என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினாள்; இருந்த சுண்ணாம்பு முழுவதையும் தட்டில் கவிழ்த்து, விரலால் ஒரு கலக்குக் கலக்கினாள். முடிவுப்புள்ளியை அவ்வளவு அலட்சியமாகக் கடந்த எந்த மாணவருக்கும் நான் தேர்ச்சி வழங்கியதில்லை.

தட்டு செக்கச் செவேலென்று சிவந்தது. கலக்கிய பின்னும் சிவப்பாகவே நின்றது.

"பாத்தியளா! மருமவ கை பட்டதும் என்னமாச் செவந்துட்டு! மகாலட்சுமில்லா வந்துருக்கா!" என்றார் சம்பந்தியம்மாள். எல்லோருக்கும் முந்திக்கொண்டு உரக்கக் குலவையிட்டவர் அத்தைதான். "நாந்தான் அப்பமே சொன்னம்லா, வந்த காலு அப்படின்னு!"

"அம்மையீர், ஈண்டு மிகையாக உள்ள ஹைட்ராக்சைடு அயனிகள்..." என்று நான் வாயெடுத்தேன். பட்டுச்சேலைக்குக் கீழிருந்து ஒரு கால் நீண்டு என் பாதத்தை அழுத்தி மிதித்தது.

"அப்பா, பேசாம உள்ள வாங்க."

ஆரத்தி சுற்றி முடிந்ததும் பேசாமல் போனேன். விருந்தில் ரசத்துக்குப் புளி மிகுந்திருந்தது. அதைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை.