விளக்கை நகர்த்தவில்லை

சலீமின் உடம்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை என் விளக்குகளில் இருந்தது. அது தெரிந்த பிறகும் அவனிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் என் ஸ்டுடியோ. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எதைச் சொன்னாலும் 'படிச்சவன் சொல்றான்' என்று கேட்டுக்கொள்வார்கள். எனக்கும் அது பழகிவிட்டது. 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வருவதே அரிது.

சலீம் பள்ளியில் என் பெஞ்சுக்காரன். பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை, மாலையில் ஜிம். சேலையூரில் புதிதாகத் திறக்கவிருந்த ஜிம் ஒன்றில் பயிற்சியாளர் வேலைக்கு அவனைப் பேசியிருந்தார்கள். வாசல் பேனரில் அவன் படம்தான். படம் அவர்களுக்குப் பிடித்துப்போனால் வேலை உறுதி!

அதுவரை நான் எடுத்ததெல்லாம் கல்யாணப் படங்கள். மணப்பெண் முகத்தில் துளி நிழல் விழுந்தாலும் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதனால் இரண்டு விளக்கையும் முன்னால் நிறுத்தி, வெள்ளைத் துணியால் மூடி, எங்கும் ஒரே வெளிச்சமாக அடிப்போம். சலீமையும் அப்படியே எடுத்தேன்.

திரையில் பார்த்தால்... மார்பும் வயிறும் பூரி மாவு போல வழவழவென்று!

"இன்னா மச்சான் இது? கண்ணாடில பாத்தா நல்லாத்தானே கீது!" என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். இந்த மாதிரிப் படத்துக்கு எப்படி வெளிச்சம் வைப்பதென்று எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்று. ஏன் சொல்லவில்லை? கூச்சமா? திமிரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"கேமரா பொய் சொல்லாது மச்சான். உனக்கு இன்னும் கட்ஸ் வரல" என்றேன். தசைகளுக்கு நடுவே தெரியும் கோடுகளை அப்படித்தான் ஜிம்மில் சொல்வார்கள். "போட்டிக்குப் போறவங்க தண்ணிய நிறுத்துவாங்களாம். நீயும் நிறுத்திட்டு வா."

எங்கேயோ ஒரு வீடியோவில் அரைகுறையாகக் கேட்டது அது. நம்புவீர்களா?

"உப்பில்லாத கோழியத் துண்ணுகினு கீறேன். இப்ப தண்ணியும் கட்டா?" என்று சிரித்தான். பிறகு, "சரி வுடு, படிச்சவன் நீயே சொல்ற" என்றான்.

கத்திரி வெயில். மறுபடி வந்தபோது அவன் உதடு வெடித்திருந்தது. விளக்குகள் அதே இடத்தில்தான் நின்றன. நகர்த்திப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "மூச்சை இழுத்துப் பிடி" என்றேன். பிடித்தான். அப்படியே சரிந்தான்.

விழும்போது கை பட்டு ஒரு விளக்கின் வயர் பிடுங்கிக்கொண்டது. மற்றது துணி விலகி, நாற்காலியில் சாய்ந்து, எரிந்தபடியே நின்றது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அவன்மேல் விழுந்தது.

ஐயோ... எல்லாம் தெரிந்தது! ஒவ்வொரு தசையும், ஒவ்வொரு கோடும், செதுக்கினாற்போல! நினைவற்றுக் கிடந்த உடம்பை நான் ஒரு நொடி நின்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஓடிப்போய் அவனைத் தூக்கினேன். அந்த ஒரு நொடியையும் எழுதத்தான் வேண்டும்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. இனி கனமான எடை தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஜிம் வேலை வேறொருவருக்குப் போனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவன் அக்கா மும்தாஜ் கத்தினார்: "எந்தப் பேமானிடா உன்ன தண்ணி குடிக்காதன்னு சொன்னான்?"

"யாரும் சொல்லலக்கா. நானாத்தான்."

நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

இப்போது என்னிடம் கபடி ஆட்டக்காரர்கள், பளுதூக்குபவர்கள் எல்லாம் வருகிறார்கள். விளக்கைப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி வைக்கிறேன். நிழல்தான் தசையைக் காட்டுகிறது. தாம்பரம் முழுக்க எனக்கு நல்ல பெயர். வருபவர்களில் பாதிப்பேரை அனுப்புவது சலீம்தான்.

போன வாரம் ஒரு பையனை அவனே அழைத்து வந்தான். சுவரில் இருந்த படங்களை நெடுநேரம் பார்த்தான்.

"இவனுங்களுக்கெல்லாம் கட்ஸ் எப்டி வந்துக்கீது பாரு மச்சான். எனக்கு மட்டும் கடைசிவரைக்கும் வரவேயில்லயே..."

இதைவிட நல்ல வேளை வாய்க்குமா? சொல்லவே வாயெடுத்தேன்.

"எல்லாருக்கும் வராதுடா. உடம்பு வாகு அப்படி" என்றேன்.

"ஆமால்ல" என்றான் சலீம்.