ஒன்பதரை மணி நேரப் பேத்தி

கனடாவிலிருந்து மகள் எட்டு மாதக் குழந்தையோடு அக்கரப்பத்தனையில் வந்திறங்கிய மத்தியானம், பேத்தி வேனுக்குள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நல்ல புள்ள!" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயமே பாராட்டியது. அந்த வார்த்தையை அடுத்த சில நாட்களுக்கு ஒருவரும் திரும்பச் சொல்லவில்லை.

நமக்கு விடிந்தால் அவளுக்கு இரவு. காலையில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும் நேரம் கண்ணை மூடுவாள். மாலை ஐந்துக்கு எழுந்து பால் குடித்துச் சிரித்து, விடிய விடியக் கச்சேரி. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் பத்து வீடு. முதல் வீட்டில் குழந்தை தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து "நூறு" சொல்வார்கள்.

நான் கணக்கு மாஸ்டர். எனவே பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டேன். ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நாளுக்கு அரை மணி நேரம் நகர்த்தினால் பத்தொன்பது நாளில் பேத்தி இலங்கை நேரத்துக்கு வந்துவிடுவாள். விடை மீதியில்லாமல் வந்த பூரிப்பில் மனைவியிடம் காட்டினேன்.

"அவங்க வந்திருக்கிறதே மூணு கெழமைக்கு. ரெண்டு நாளு தூங்க வச்சு ஏர்போர்ட்டுக்கு அனுப்பவா?" என்றாள்.

மகள் சிரிக்கவில்லை. மூன்று இரவாகத் தூங்காதவள். "அப்பா, பக்கத்துல எல்லாரும் காலையில மலைக்கு வேலைக்குப் போகணும். எங்களால அவங்க தூக்கமும் போச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா நாங்க ஏர்போர்ட் பக்கம் நீர்கொழும்புல ரூம் எடுத்துக்கிறோம். போற நாள் வரைக்கும் அங்கயே இருக்கோம்."

நான்கு வருடம் கழித்து வந்தவள். பேத்தியை அதுவரை போன் அளவில்தான் பார்த்திருந்தேன். பயந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. கையும் காலும்தான் வேலை செய்யும்.

குழந்தைக்குத் தூக்கம் போதவில்லை என்று நானே தீர்மானித்து ஜன்னலைக் கம்பளியால் அடைத்தேன். வீடு வீடாகப் போய், பகலில் சத்தம் வேண்டாம் என்று கும்பிட்டேன். லயத்துச் சனம் தங்கம். கேட்ட மாத்திரத்தில் அடங்கியது. தேங்காய் துருவுவது பின்பக்கத்துக்குப் போனது. கோயில் ஸ்பீக்கர் வாயை மூடியது. யாரோ தங்கள் சேவலைக் கூடையில் கவிழ்த்துச் சாக்குப் போட்டார்கள். எங்கள் சாவு வீட்டில்கூடத் தப்பு மேளச் சத்தம் கேட்கும். இங்கே அதுவும் இல்லை. பேத்தி பத்து மணி நேரம் ஆனந்தமாகத் தூங்கினாள். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். மாலையில் முன்னைவிடத் தெம்பாக எழுந்தாள்.

வியாழன் காலை பக்கத்து வீட்டு மதினி வந்து நின்றார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவருக்கு வேலை. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"கொழுந்தனாரே, பட்டப்பகல்ல வீட்டை இருட்டாக்கி ஊரு வாயையும் கட்டிப்புட்டீங்க. புள்ள இதை ராத்திரின்னு நெனைக்காம வேற என்ன நெனைக்கும்?"

"இல்ல மதினி, தூக்கம் பத்தலைன்னு..."

"யாருக்கு? எங்களுக்குத்தான் பத்தல. குடுங்க புள்ளைய."

மகளைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். மதினி தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க, பால் போத்தல், தொப்பி, அட்டவணை சகிதம் நான் பின்னால் ஓடினேன்.

பிள்ளைக்காம்பராவில் வெயிலில் கண் கூசியது. ஒரு பொடியன் தகர டப்பாவைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தான். பேத்தி விழித்து வீரிட்டாள். மூக்கொழுகிய ஒருத்தி வந்து அவள் தொப்பியைப் பிடுங்கினாள். பேத்தி அவள் காதைப் பிடித்தாள். அத்தோடு தூக்கம் போய்விட்டது.

பத்து மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்து, "பாவம், இவளுக்கு இப்ப ராத்திரி பன்னெண்டரை" என்றேன்.

"அவளுக்கா, ஒங்களுக்கா? கொட்டாவி விடுறது நீங்கதான்."

மத்தியானம் சேலைத் தொட்டிலில் ஒரு மணி நேரம் போட்டு, மதினி அவளை எழுப்பிவிட்டார். நான் அதைப் பார்க்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க நான் தூங்கிப்போயிருந்தேன். என்னை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லையாம்.

அன்று மாலை ஏழரைக்குப் பேத்தி சோற்றுக் கிண்ணத்திலேயே தலையைச் சாய்த்தாள். விழித்தது மூன்று மணிக்கு. மறுநாள் நான்குக்கு. அதற்கடுத்த இரவு ஐந்து தாண்டியது. பகலில் லயமும் வாய் திறந்தது. ஸ்பீக்கர் விட்டுப்போன பாட்டையெல்லாம் சேர்த்துப் பாடியது.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு வாசலில் ஒரு வேன் ஹோர்ன் அடித்தது. மகள் எனக்குத் தெரியாமல் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த நீர்கொழும்பு வேன். ஓடிப்போய் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பேத்தி உட்கார்ந்து சீப்பைச் சப்பிக்கொண்டிருந்தாள். மகள்தான் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள்.

"அப்பா, அவருக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிருங்க. நான் இன்னும் தூங்கணும்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொடுத்தேன். இரண்டு கோப்பை. மூன்றாவது ஊற்றப் போனபோது டிரைவர் என்னைக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.