முட்டை தின்ற முதலை

கடல் முதலை மலாக்கா ஆற்றின் முகத்துவாரம் வரைக்கும்தான் வரும், எங்கள் காஜா பேராங் பக்கம் தலைகாட்டாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சதுப்பில் உடும்புதான் உண்டு. ஜப்பான்காரன் காலத்துப் பசியில் அதையும் பிடித்துத் தின்றுவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், கங்கோங் கீரை பறிக்கப் போன என் அக்கா முதலையைப் பார்த்துவிட்டாள்.

பார்த்தது நானில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள் அவளை உட்காரவைத்து, தமிழ் மறந்துபோன அவர்கள் வழக்கப்படி மலாயில் திரும்பத் திரும்பக் கதை கேட்டார். முதலையைப் பேர் சொல்லக் கூடாது, பாட்டனாரைச் சொல்வதுபோல் 'டத்தோ' என்றுதான் சொல்ல வேண்டும், முட்டையும் மஞ்சள் சோறும் படைத்தால் யாரையும் தொடாது என்றார். அம்மா உடனே தலையாட்டினாள். சோற்றுக்கு ஏது வழி? வேகவைத்த மரவள்ளிக்கிழங்கையும் முட்டையையும் இலையில் கட்டித் தினமும் அக்காவிடம் கொடுத்தனுப்பினாள்.

எங்களிடம் இருந்ததே ஒரு கோழி. அது இட்ட முட்டையெல்லாம் முதலைக்கா? அக்கா மேலிருந்த பொறாமை முதலை மேலும் பாய்ந்தது.

"நானும் போறேம்மா" என்று அழுதால், "டத்தோவுக்கு ஒன்னப் பிடிக்காது" என்பாள் அக்கா. யாரைக் கேட்டு டத்தோ அப்படி முடிவு செய்ததோ!

ஒரு நாள் காலையில், சயாமில் ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போகும் ஜப்பான் சிப்பாய்கள் இருவர், தமிழ் தெரிந்த ஒருவரோடு வந்தார்கள். ஜொகூருக்குப் போயிருந்த சித்தப்பாவைக் கேட்டு வீட்டைக் குடைந்துவிட்டுச் சதுப்புப் பக்கம் திரும்பினார்கள்.

"அங்க டத்தோ இருக்குங்க, முதலை" என்றாள் அம்மா.

தமிழ்க்காரர் சிரித்தார். "இங்க ஏதும்மா முதலை?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இருக்கு! நானே பார்த்தேன். அக்கா பார்த்தத விடப் பெரிசு. ஒரு நாய முழுங்கிட்டுது!"

"பொய்யி! நான் பார்த்ததுதான் பெரிசு" என்றாள் அக்கா.

நான் அவள் சடையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைக் கிள்ளினாள். எந்த முதலை பெரியது என்று நாங்கள் புரண்டு சண்டை போட்டதைத் தமிழ்க்காரர் மொழிபெயர்த்தார். சிப்பாய்கள் சதுப்பைப் பார்த்தார்கள், தங்கள் கால்களைப் பார்த்தார்கள், வந்த வழியே நடந்தார்கள்.

அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். சிப்பாய்கள் தெருவில் சுற்றிக்கொண்டிருந்ததால் அக்காவை அன்று வெளியே விடவில்லை. டத்தோவின் முட்டையை எனக்கே உரித்துத் தந்தாள். அக்கா பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்றேன். அவள் கண் கலங்கியது. ஒருவழியாக இவளுக்கும் என் மேல் பொறாமை வந்துவிட்டதென்று எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

ஜொகூருக்குப் போய்விட்டதாக எனக்குச் சொல்லப்பட்ட சித்தப்பா அந்தச் சதுப்பில்தான் ஒளிந்திருந்தார் என்பதும், நான் தின்றது அவருடைய அன்றைய சாப்பாடு என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.