விமானத்தைச் சுற்றி வந்தவர்

விமானப்படைத் தளபதிக்கு ஒரு வியாதி இருந்தது. எதில் ஏறுவதாக இருந்தாலும் முதலில் அதை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து பார்த்து, தொட்டுத் தடவிவிட வேண்டும். விமானத்தை எல்லா விமானிகளும் அப்படித்தான் பார்ப்பார்கள், அது தொழில். இவரோ ஸ்கூட்டரைக்கூட விடமாட்டார். கல்யாணம் முடிந்து கிளம்பும்போது புதுப்பெண்ணை வெயிலில் நிற்கவைத்துவிட்டு, கார்ச் சக்கரம் நான்கையும் உதைத்துப் பார்த்த மகானுபாவர். பெண் பார்க்க வந்த அன்று தன்னையும் சுற்றிப் பார்த்திருப்பார், தன் அப்பா அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்ததால் தப்பித்ததாக மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அந்தத் தொழிலில் ஓர் அநியாயம் உண்டு. நன்றாகப் பறக்கிறவனாகப் பார்த்து மேஜைக்குப் பின்னால் உட்காரவைப்பார்கள். இவருக்கும் பதவி ஏற ஏறப் பறப்பது குறைந்தது; தோளில் பட்டை கூடியது, இடுப்பும் கூடவே பெருத்தது. ஓய்வு பெறும் நாளில் கடைசியாக ஒருமுறை பறக்கலாம் என்ற ஆசை ஒன்றுதான் பாக்கி. அதற்காக மாதக்கணக்கில் இனிப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்று காலை பழைய பறக்கும் உடுப்பின் ஜிப்பை ஏற்றுவதற்குள் மனைவிக்கு வியர்த்துவிட்டது.

கடைசியாகப் பறந்து இறங்குபவரின் தலையில் தண்ணீர் கொட்டுவது படையின் வழக்கம். ஓடுபாதை ஓரத்தில் எல்லோரும் கூடியிருக்க, மனைவி வாளியோடு முன்வரிசையில் நின்றாள்.

தளபதி விமானத்தைச் சுற்றினார். இடது சக்கரத்தின் பிரேக் குழாயைத் தடவியபோது விரல் ஈரமானது. துடைத்துவிட்டு மறுபடி தடவினார். மறுபடி எண்ணெய்.

யாரும் கவனிக்கவில்லை. ஏறி ஒரு வட்டம் அடித்து இறங்கிவிடலாம். மாலையோடு பதவி முடிகிறது, மாற்று விமானமும் தயாராக இல்லை. சுற்றிப் பார்க்காமலே ஏறியிருக்கலாமே என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது. ஆனால் வேறொரு விமானி இப்படி ஏறியிருந்தால் இவரே தோலை உரித்திருப்பார்.

பொறியாளரைக் கூப்பிட்டு விரலைக் காட்டினார். அவர் முகம் சுண்டிப்போனது. சரிசெய்வதற்குள் இருட்டிவிடும் என்றார்.

"அப்ப இன்னைக்கு இதை எடுக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் தளபதி ஹெல்மெட்டோடு திரும்பி நடந்தார்.

"பிரேக்ல கசிவு. நான் பறக்கல. தண்ணியெல்லாம் வேண்டாம்," என்றார் மனைவியிடம்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு சுற்றுச் சுற்றினாள். அச்சு அசலாக அவரைப் போலவே குனிந்து பூட்ஸைப் பார்த்தாள், தோளைத் தட்டினாள், ஜிப்பை ஓர் இழுப்பு இழுத்தாள். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"இத்தனை வருஷம் நீங்க முழுசா வீடு வந்து சேர்ந்தது இப்படிப் பாத்துப் பாத்து ஏறினதாலதாங்க," என்றாள் மெதுவாக. பிறகு வாளியைத் தூக்கி அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள்.

சொட்டச் சொட்ட நனைந்தபடி வீட்டுக்குக் கிளம்பியவர், பழக்க தோஷத்தில் காரைச் சுற்ற ஆரம்பித்தார். எதிர்ப்பக்கச் சக்கரத்தை அவள் உதைத்துப் பார்த்தாள்.