என் பெயரில் ஓடிய இரண்டாவது கர்சர்

1. திங்கட்கிழமை

திரையில் இரண்டு கர்சர்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஒன்று கட்டுரையின் கடைசி வரியில், அது என்னுடையது. மற்றது மூன்றாவது பந்தியில். அதன் தலையில் சின்னப் பெட்டிக்குள் ஒரு பெயர்: ரிஸ்னா. அதுவும் நான்தான்.

காலை பத்தேகால் மணி. மடவளையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறை. பனிமூட்டம் ஜன்னல் கம்பி வரை வந்திருந்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். என் கர்சர் நின்ற இடத்திலேயே நின்றது. மற்றது நகர்ந்தது. ஒரு வாக்கியத்தின் முடிவுக்குப் போய், எழுத்தெழுத்தாகப் பின்னோக்கித் தின்றுகொண்டு வந்தது. வாக்கியம் தீர்ந்ததும் மறைந்துவிட்டது.

மலர்களுக்குக் கட்டுரை எழுதுவது என் தொழில். பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், பள்ளிவாசல் திறப்பு மலர், ஓய்வு பெறும் அதிபருக்கான பாராட்டு மலர். இது நடந்தது மூன்று வருடத்துக்கு முன். திரையில் இருந்தது என் பெயர் போட்டு வரவிருந்த முதல் கட்டுரை: வத்தேகமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாறு. அதுவரை நான் எழுதியதெல்லாம் மற்றவர்கள் கையெழுத்து வைத்த வாழ்த்துச் செய்திகள்.

காணாமல் போன வாக்கியம் இது: "மழை வந்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பாடம் நின்றுவிடும், அந்த நேரத்தில் மட்டும் முழுப் பள்ளிக்கூடமும் ஒன்றாக வாய்மூடி இருக்கும்." அங்கே படித்த ஒரு அம்மா சொன்னதைக் கேட்டு எழுதியது.

2. செவ்வாயும் புதனும்

அடுத்த இரண்டு நாளும் அந்தக் கர்சர் வரவில்லை. அழிக்கும் வேலை மட்டும் நடந்தது. கூடப் படித்த ஒருத்தி போட்ட கவிதைக்கு எத்தனை பேர் இதயம் போட்டிருக்கிறார்கள் என்று போனில் பார்த்துவிட்டுத் திரும்பினால், இரண்டு வரி இல்லை. மறுபடி எழுதி, மறுபடி போன் பார்த்துவிட்டு வந்தால், இன்னும் ஒன்று இல்லை.

கோப்பின் பழைய பிரதிகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு அழிப்புக்கும் நேரே என் பெயர்தான். போன வரிகளை அங்கிருந்தே மீட்டிருக்கலாம். மீட்கவில்லை. திரும்பப் படித்தபோது, போனதே நல்லது என்று தோன்றியது. அழிக்கிறது எதுவாக இருந்தாலும் அது என்னைவிட நன்றாகப் படிக்கிறது என்று நம்பிவிட்டேன். நான் கேட்டு, பார்த்து எழுதியவை போயின; "கல்விப் பணியில் ஒரு மைல்கல்" போன்றவை தங்கின. ஆகவே தங்கக்கூடியதை மட்டும் எழுதத் தொடங்கினேன்.

புதன்கிழமை தேத்தண்ணி கொண்டுவந்த உம்மா வாசலிலேயே நின்றார்.

"ஆரோட புள்ள பேசுற?"

அப்போதுதான் தெரிந்தது, ஒவ்வொரு வரி முடியும்போதும் "இது சரியா?" என்று நான் சத்தமாகக் கேட்டிருக்கிறேன்.

அன்று பின்னேரம் கண்டி டவுனில் அச்சகம் வைத்திருக்கும் செல்வம் அண்ணன் போனில் கோல் எடுத்தார். மலரைத் தொகுப்பவர் அவர்தான். பாதிக் கட்டுரையை அனுப்பியிருந்தேன்.

"என்னம்மா இது, யாரு வேணா எழுதலாமே. இதுக்கு ஒங்க பேரு எதுக்கு?" பிறகு கெடுவும் சொன்னார்: "வெள்ளிக்கிழமை பன்னண்டு மணி வர பாப்பேன். வரலேன்னா பழைய அதிபர் எழுதுனது ஒண்ணு கையில இருக்கு, அத போட்ருவேன்."

3. வியாழன், கடையில்

ராத்தூக்கம் இல்லாமல் புரண்டபோதுதான் என் பழைய போன் நினைவுக்கு வந்தது. திரை உடைந்து ரம்ஸீன் நானாவின் ரிப்பேர் கடையில் கிடந்தது. கட்டுரை அதிலும் திறந்தபடி இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. விடிந்ததும் போனேன்.

ரம்ஸீன் நானா மறைக்கவில்லை. திங்கட்கிழமை புதுத் திரை மாட்டியதும், பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க, திறந்திருந்த பக்கத்தில் ஒரு வரியை அழித்துப் பார்த்தாராம். மன்னிப்பும் கேட்டார்.

"அப்ப செவ்வாயும் நேத்தும் அழிச்சது?"

மேசையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினார். முதுகு திறந்திருந்தது, உள்ளே வெறும் குழி.

"திங்களே பேட்டரிய கழட்டிட்டேனே, தங்கச்சி. ஊதி ஈந்திச்சி. நேத்து போயா லீவு, கட தொறக்கவும் இல்ல."

4. வியாழன், மேல்மாடியில்

உம்மாவின் போனை வாங்கி, பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்து, நான் எழுதுவதைப் பதிவு செய்தேன். முக்கால் மணி நேரம். மூன்று வரி போயிருந்தது.

பதிவை ஓடவிட்டேன். எழுதுகிறேன். நிற்கிறேன். இடது கை என் போனை எடுக்கிறது. முகம் அதற்குள் போய்விடுகிறது. வலது கை கீபோர்டிலேயே இருக்கிறது. சற்று நேரம் அசைவில்லை. பிறகு அதன் விரல் ஒன்று நீண்டு, மூலையிலிருக்கும் அழிக்கும் பொத்தானைத் தொடுகிறது. தட்டுகிறது. நிதானமாக, தெரிந்து செய்கிற வேலை போல. கண்கள் போனைவிட்டு எழும்பவே இல்லை. ஆனாலும் அந்த விரல் முந்தைய வாக்கியத்தின் முற்றுப்புள்ளியில் சரியாக நின்றது.

அந்த இடத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நான்காம் தடவை பார்க்கத் துணிவு வரவில்லை.

5. வெள்ளி

குசினியிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துவந்து அந்தப் பொத்தானைக் கிளப்பினேன். குழிக்குள் அட்டைத் துண்டு வைத்து ஒட்டினேன். போனை உம்மாவின் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னேன். போன வரிகள் எல்லாவற்றையும், பிடித்ததா இல்லையா என்று பார்க்காமல், மீட்டேன். பிழையாக அடித்ததைக்கூட அழிக்க வழியில்லாததால் எழுதிக்கொண்டே போனேன். பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.

பின்னேரம் செல்வம் அண்ணன் பேசினார்.

"எழுத்துப்பிழை மட்டும் ஒரு கூடை இருக்கும்மா, அத நான் பாத்துக்கிறேன். அந்த மழை வரிய மட்டும் தொட்றாதீங்க."

கட்டுரை என் பெயரில் வந்தது.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எழுதுகிற நேரத்தில் அழிக்கிற அதிகாரம் யாருக்கும் இல்லை, உங்களுக்கும். அதை இன்னொரு நாள், இன்னொரு கதிரையில் உட்கார்ந்து செய்யுங்கள். நீங்கள் வேறெங்கோ பார்க்கும் நேரத்தில் உங்கள் எழுத்தை வேண்டாம் என்று தள்ளுகிற அந்த ஆள் உங்களைவிடத் தெரிந்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொத்தான்.

என்னுடையது இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது. சில காலைகளில் என்னை மறந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அட்டையில் விரல் தட்டும் சத்தம் கேட்கும். மெதுவாக, நிதானமாக. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது நிற்கும்வரை கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு எழுதுவேன்.